பதினைந்து டிகிரி வித்தியாசம்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு "பார்த்துச் செய்யப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பதிலே இல்லை. பதில் தெரியாத ஆள் சொல்கிற பேச்சு அது. எனக்குப் பதில் தெரியும். தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டதுதான் மூன்று நாளாகச் சோறு இறங்காமல் செய்கிறது. உட்கார்ந்து எழுதவும் அலுப்பாகத்தான் இருக்கிறது. முழங்கால் வீங்கிக் கிடக்கிறது, கண்ணாடியை மாற்றச் சொல்லி உன் அம்மா ஆறு மாதமாகக் கத்துகிறாள், இந்தப் பேனாவும் நாலு வரிக்கு ஒருதரம் மக்கர் பண்ணுகிறது. இருந்தாலும் வெள்ளிக்கிழமைக்குள் நீ ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்றாயே, அதற்கு முன்னால் இதை நீ படித்தாக வேண்டும். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். இதை உனக்கு மட்டும் எழுதவில்லை, வேறு ஆட்களும் படிப்பார்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவர்களுக்காக, நீ கேட்டது என்ன என்று ஒருதரம் எழுதிவிடுகிறேன். பஸ்ஸில் வைக்கிற பேட்டரி எவ்வளவு சூடாகும், எந்தச் சூட்டில் தானாக நிற்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கிற சிமுலேஷன் உன் பொறுப்பில் இருக்கிறது. ஓட்டினால் நாற்பத்தோரு எச்சரிக்கை வருகிறது. எல்லாம் யூனிட் சமாச்சாரம். இந்த எண்ணுக்கு யூனிட்டே போடவில்லை, அந்தச் சமன்பாட்டில் இடது பக்கம் ஒன்று வலது பக்கம் வேறொன்று என்கிற மாதிரி. விடைகள் பார்க்க அழகாக இருக்கின்றன. உன் மேலதிகாரி, "அது சும்மா கத்தும், யூனிட் செக்கிங்கை ஆஃப் பண்ணிட்டு ரிப்போர்ட்டை அனுப்பு" என்கிறார். நீ என்னிடம் கேட்டாய்: "அப்பா, நீங்க இம்புட்டு வருசமா இதுல இருக்கீக. எப்பவாவது ஆஃப் பண்ணியிருக்கீகளா?"

பண்ணியிருக்கிறேன். ஒரே ஒரு தரம். அது என்ன ஆயிற்று என்று உனக்கும் தெரியாது, உன் அம்மாவுக்கும் நேற்று வரைக்கும் தெரியாது.

எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அது எதன் எண் என்று பார்க்காமல் விடுகிற புத்தி எனக்கு முதலிலிருந்தே உண்டு. உனக்கு நாலு வயது இருக்கும். காய்ச்சலில் அனத்திக்கொண்டு கிடந்தாய். புதிதாக வாங்கிய தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு உன் அம்மா புதுவயலில் மில்லில் இருந்த எனக்குப் போன் போட்டு, "முப்பத்தொம்பது காட்டுதுங்க" என்றாள். நான் ஏதோ ஒரு மோட்டாரைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். "தொண்ணூத்தெட்டுக்குக் கீழதானே, ஒண்ணும் இல்ல, கஞ்சியக் குடு" என்று வைத்துவிட்டேன். மெக்கானிக்கல் இன்ஜினியர்! அது செல்சியஸ் என்கிற நினைப்பே வரவில்லை. உன் அம்மா உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், என்னையும் நம்பவில்லை, தெர்மாமீட்டரையும் நம்பவில்லை, உன்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் நடந்தே போய்விட்டாள். இன்றைக்கும் நான் ஏதாவது கணக்குச் சொன்னால் "ஆமா, முப்பத்தொம்பது" என்பாள். நீயும் சேர்ந்து சிரிப்பாய். சிரித்து முடிகிற தப்பாக அது ஒன்றுதான் அமைந்தது.

இனி மற்றதைச் சொல்கிறேன். நீ பத்தாவது படித்த வருடம். புதுவயலில் ஒரு அரிசி மில்லுக்கு, அவித்த நெல்லைக் காயவைக்கிற இரண்டு டிரையர்களை எங்கள் கம்பெனி செய்து கொடுத்தது. நீராவியில் காற்றைச் சூடாக்கி நெல்லுக்குள் ஊதுகிற இயந்திரம், நீயே பார்த்திருக்கிறாய். அதுவரை கையால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நாங்கள் முதல்முறையாக சிமுலேஷன் மென்பொருள் வாங்கினோம். எனக்கு அதில் ஒரே பெருமை. சமன்பாடுகளை மடமடவென்று எழுதிவிட்டேன், யூனிட் போடுகிற இடங்களில் பாதியைக் காலியாக விட்டேன், மீதியில் கைக்கு வந்ததைப் போட்டேன். ஓட்டினால் அறுபத்து மூன்று எச்சரிக்கை. முதல் பத்தைப் படித்தேன். எல்லாம் அற்பமானவை, யூனிட் போட மறந்தவை. அதற்குள் மில்லிலிருந்து ஆள் வந்து உட்கார்ந்துவிட்டான், அறுவடை தொடங்கிவிட்டது, லாரிகள் நிற்கின்றன என்று. யூனிட் செக்கிங்குக்கு நேரே இருந்த டிக்கை எடுத்தேன். அறுபத்து மூன்றும் காணாமல் போயின. அப்போது வந்த நிம்மதி இருக்கிறதே, அதை நான் மறைக்கவில்லை, ரொம்ப நன்றாக இருந்தது.

நாற்பத்தெட்டாவதோ நாற்பத்தொன்பதாவதோ எச்சரிக்கை என்ன சொன்னது தெரியுமா? "இது வெப்பநிலையா, வெப்பநிலை வித்தியாசமா?" என்று கேட்டது. இதை நிதானமாகச் சொல்கிறேன், மில்லில் இருக்கிறவர்களும் படிக்கட்டும். மென்பொருள் உள்ளுக்குள் சூட்டை கெல்வினில்தான் வைத்துக்கொள்ளும். செல்சியஸில் எழுதிய வெப்பநிலையைக் கெல்வினாக்க இருநூற்று எழுபத்து மூன்றைக் கூட்ட வேண்டும். ஆனால் காரைக்குடியில் இன்றைக்கு நேற்றைவிட இரண்டு டிகிரி வெயில் கூட என்று சொன்னால், அந்த இரண்டு வெறும் வித்தியாசம். அதற்கு எதையும் கூட்டக் கூடாது, எதில் அளந்தாலும் இரண்டு இரண்டுதான். நான் டிரையரில், செட் பண்ணின சூட்டைவிடக் காற்று பதினைந்து டிகிரி கூடிவிட்டால் அலாரம் அடித்து நீராவி வால்வு மூடிக்கொள்ள வேண்டும் என்று வைத்தேன். அந்தப் பதினைந்தை வித்தியாசம் என்று சொல்லாமல், வெப்பநிலை என்று அறிவித்துவிட்டேன். அது என்னை நம்பி இருநூற்று எழுபத்து மூன்றைக் கூட்டி, இருநூற்று எண்பத்தெட்டு என்று எழுதிக்கொண்டது. அவ்வளவு டிகிரி கூடினால்தான் அலாரம். அதற்குள் நெல்லும் இருக்காது, டிரையரும் இருக்காது.

வேடிக்கையைக் கேள். சிமுலேஷனில் அலாரம் ஒருதரம்கூட அடிக்கவில்லை. அதைப் பார்த்து நான் டிசைன் எவ்வளவு கச்சிதம் என்று மார்தட்டிக்கொண்டேன். அந்த எண்களை அப்படியே மில்லின் கன்ட்ரோல் பேனலில் ஏற்றினோம். பேனலின் முகத்தில் அந்த எண் தெரியாது, உள்ளே போய்த் தேடினால்தான் தெரியும். ஓடவிட்ட அன்றைக்கு, அலாரம் வேலை செய்கிறதா என்று பார்க்க டெஸ்ட் பொத்தானை அழுத்தினேன். மில் முழுக்கக் கேட்கிற மாதிரி அடித்தது. மணி அடிக்கிறதா என்று பார்த்தேன், அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்குமா என்று பார்க்கவில்லை.

அந்த டிரையர்களை ஓட்டியவர் முத்துக்கருப்பன். அரியக்குடிக்காரர், என் வயதுதான். இரண்டு டிரையரையும் ஒரே ஆள் பார்க்க வேண்டும், கண் ஒன்றில் இருந்தால் காது மற்றதில் இருக்க வேண்டும். அந்தக் காதை நம்பித்தான் அலாரமே வைத்தோம். ஒரு மத்தியானம் இரண்டாவது டிரையரில் நீராவி வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. சூடு ஏறிக்கொண்டே போயிருக்கிறது, அலாரம் வாய் திறக்கவில்லை. முதல் டிரையரில் நின்றவர் கருகல் வாடை பிடித்து ஓடிவந்து, பார்க்கிற கதவைத் திறந்திருக்கிறார். உள்ளே கனன்றுகொண்டிருந்த உமித் தூசி குப்பென்று பற்றி வெளியே அடித்தது. வலது கை முழங்கை வரைக்கும் வெந்துவிட்டது. கன்னத்திலும் பட்டது. உயிர் தப்பினார். அந்தக் கையில் மூன்று விரல்கள் இன்றைக்கும் மடங்குவதில்லை.

பழைய கட்டைப் பிரித்துப் புதுக்கட்டுப் போட்ட மறுநாள், மில் முதலாளி அவரை மில் வாசலுக்கு வரச்சொன்னார். என்னையும் வரச்சொன்னார். சுமைதூக்கிகள், லாரி டிரைவர்கள், நெல் துழாவுகிற பெண்கள், அத்தனை பேரும் நின்றார்கள். "மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கிட்டியா?" என்று கேட்டார் முதலாளி. "இல்லை முதலாளி, அலாரம் அடிக்கலை" என்றார் முத்துக்கருப்பன். "அடிக்கலையா? எங்க, நீங்க சொல்லுங்க" என்று முதலாளி என் பக்கம் திரும்பினார். நான் பேனலுக்குப் போய் டெஸ்ட் பொத்தானை அழுத்தினேன். அடித்தது. ஊரே சிரித்தது. "இந்தா அடிக்குதே! தூங்குமூஞ்சி, தூங்கிப்புட்டு மெஷின் மேல பழியப் போடுறியா" என்றார் முதலாளி. முத்துக்கருப்பன் என்னைப் பார்த்தார். நான் பேனலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் எனக்கு விஷயம் தெரியாது. ஆனால் மூன்றாம் நாள் தெரிந்துவிட்டது. மனசு கேட்காமல் ஆபீசில் உட்கார்ந்து யூனிட் செக்கிங்கை மறுபடி போட்டு, அறுபத்து மூன்றையும் வரிசையாகப் படித்தேன். அங்கே இருந்தது அந்த இருநூற்று எண்பத்தெட்டு. உடனே மில்லுக்கு ஓடினேன். எதற்கு? சொல்வதற்கா? இல்லை. சர்வீஸ் என்று சொல்லி பேனலைத் திறந்து அந்த எண்ணைப் பதினைந்து என்று மாற்றிவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டு, திரும்பி வந்தேன். புது மென்பொருள், உன் படிப்பு, வேலை போனால் என்ன செய்வது என்று ஆயிரம் காரணம் சொல்லிக்கொண்டேன். அயோக்கியத்தனம் என்கிற ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

அந்த வாரம் உன் அம்மா சோறு போட்டுக்கொண்டே, "அலாரமே அடிக்கலைன்னு அவுக வீட்டுல சொல்றாகளாமே" என்றாள். "உனக்கு என்ன தெரியும், வாயை மூடு" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். எதற்கு அப்பா இப்படிக் கத்துகிறார் என்று பயந்து பார்த்தாய். அதன் பிறகு அரியக்குடிப் பெருமாள் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் நான் வண்டியைச் சுற்றுவழியில் ஓட்டுவேன். "ஏம்ப்பா இங்குட்டுப் போறீக?" என்று நீ கேட்பாய். "அங்குட்டு ரோடு சரியில்ல" என்பேன். போன தீபாவளிக்கு வந்தபோது நீ ஓட்டினாய், நான் சொல்லாமலே சுற்றுவழியில் திருப்பினாய். என் பொய்யை என் பிள்ளை பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறான் என்று பின்சீட்டில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன். அந்த ரோட்டில் ஒரு குழிகூடக் கிடையாது தம்பி. முத்துக்கருப்பன் வீடு அந்த ரோட்டில் இருக்கிறது.

உன் வேலைக்கு வருகிறேன். நாற்பத்தொன்றையும் படி. முப்பத்தொன்பது அற்பமாக இருக்கும், எரிச்சல் வரும், கண் சொருகும், படி. இன்னொன்று, அது கத்துவதை நிறுத்த வேண்டும் என்பதற்காக எதையாவது யூனிட்டாகப் போடாதே. காலியாக விடுவதைவிட அது மோசம், ஏனென்றால் அதன் பிறகு அது கேட்காது. அந்த எண் எங்கிருந்து வந்தது, எதை அளந்தது என்று தெரிந்த பிறகு போடு. தெரியவில்லையா, எழுதியவனைத் தேடிப் போய்க் கேள். சமன்பாட்டுக்கு நடுவில் மூன்று புள்ளி ஆறு என்று ஒரு எண் சும்மா நின்றால், அது யாரோ ஒருவன் அவசரத்தில் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதை நொடிக்கு இத்தனை மீட்டர் ஆக்கிய இடம், அதையும் விடாதே. நிற்க வேண்டிய சூட்டைச் சோதிக்கும்போது மணியை அடித்துப் பார்க்காதே, சூட்டை ஏற்றிப் பார். இதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாததால் நான் தப்புப் பண்ணவில்லை என்பதற்காகத்தான் எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கும் எல்லாம் தெரியும், அவசரமும் அசட்டையும்தான்.

நீ கேட்டுவிட்டு வைத்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நேற்றுக் காலையில் உன் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "எங்கிட்ட எதுக்குச் சொல்றீக? சட்டையப் போட்டுக்கிட்டுக் கெளம்புங்க" என்றாள். நேர் வழியில் போனேன்.

முத்துக்கருப்பன் வீட்டு வாசலில் அவர் மனைவி வள்ளிக்கண்ணு இட்லிக் கடை போட்டிருக்கிறார். பழைய மில்லில் அவரை வைத்துக்கொள்ளவில்லை, தூங்கினவர் என்று பேர் எடுத்தவரைப் புதுவயலில் வேறு எந்த மில்லிலும் மெஷின் பக்கம் விடவில்லை. முத்துக்கருப்பன்தான் இட்லிக் கொப்பரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். "அடடே, சாரா! வாங்க சார், உக்காருங்க. எம்புட்டு வருசமாச்சு" என்று இடது கையால் பெஞ்சைத் துடைத்தார். நான் உட்காரவில்லை. அவரை நீ, வா, போ என்றுதான் எப்போதும் பேசுவேன். நேற்று வாய் தானாக மாறிவிட்டது. "முத்துக்கருப்பன், அன்னைக்கு அலாரம் அடிக்கலை. தப்பு என் கணக்குல இருந்துச்சு. மூணாம் நாளே எனக்குத் தெரியும். நீங்க தூங்கலை" என்றேன். வழியெல்லாம் என்னென்னவோ யோசித்துக்கொண்டு போனேன். வாயில் வந்தது இவ்வளவுதான்.

அவர் கொப்பரை மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். "நெசமாவா சார்?" என்றார். "நெசம்" என்றேன். "நான் தூங்கிட்டேன்னுதான் சார் நானும் நெனச்சிக்கிட்டு இருக்கேன்" என்றார். எனக்குப் புரியவில்லை. "எல்லாரும் சொல்லச் சொல்ல, ஒரு நிமிசம் கண்ணசந்துட்டமோ, பெல் அடிச்சது காதுல விழாமப் போயிருச்சோன்னு நெனைக்க ஆரம்பிச்சிட்டேன் சார். அந்த மத்தியானத்தை எத்தனை தடவை நெனச்சிப் பாத்திருப்பேன்! தூங்குன மாதிரி ஞாபகமே வர மாட்டேங்குது. ஆனா பெல்லு அடிச்சுச்சே சார். நீங்கதானே அமுக்கிக் காட்டுனீக? படிச்சவுக, நீங்க பொய்யா சொல்லப்போறீகன்னு இருந்துட்டேன்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். "அதுலருந்து அடுப்புல ஏதாச்சும் இருந்தா நான் உக்கார்றதே இல்ல சார். பயம்."

விரல்களைத்தான் கெடுத்தேன், வேலையைத்தான் கெடுத்தேன் என்று இத்தனை வருடமாக நான் கணக்கு வைத்திருந்தேன். அவர் தன்னைத்தானே நம்பாமல் போய்விட்டார் என்பது எனக்குத் தெரியவே தெரியாது.

"ஏ வள்ளி, இங்குட்டு வா" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். அந்த அம்மா மாவுக் கையோடு வந்தார். "சார், இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் முத்துக்கருப்பன். சொன்னேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவுக தூங்கலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். அத எங்க வீட்டு வாசல்ல வந்து காதோட காதா சொல்லிட்டுப் போறதுக்கா வந்தீக? மில்லு வாசல்ல அம்புட்டுச் சனத்துக்கு முன்னாடியில்ல தூங்குமூஞ்சின்னாக. அன்னைக்கு ஊரு கேட்டுச்சுல்ல? இப்பவும் ஊரு கேக்கட்டும்" என்றார். எழுதிப் போடுகிறேன் என்றேன். "எழுதுங்க" என்றார். உட்காரச் சொல்லவில்லை. வண்டியை எடுக்கும்போது திரும்பிப் பார்த்தேன். முத்துக்கருப்பன் கொப்பரைக்கு முன்னால் நின்றுகொண்டுதான் இருந்தார்.

அதனால்தான் இது உனக்கு மட்டுமான கடிதம் இல்லை. மில்காரர்கள் மாதாமாதம் போடுகிற சங்கத்துப் பத்திரிகைக்கும் இதில் ஒரு பிரதி கொடுக்கப்போகிறேன். என் பெயரைப் போடாவிட்டாலும் புதுவயலில் ஆளைத் தெரியாதவர் கிடையாது. நாளைக்குக் காலையில் முதலாளி வீட்டுக்குப் போகிறேன், பிறகு ஆபீசுக்கு. வேலை இருக்குமோ இருக்காதோ தெரியவில்லை, அதை யோசிக்கவும் தெம்பில்லை. உன் அம்மா மட்டும் நேற்று சாயங்காலம் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

நீ வெள்ளிக்கிழமை என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. நீ ஓட்டிப் பார்க்கிற அந்த பஸ்ஸையும் ஒருத்தர் ஓட்டுவார். அலாரத்தை நம்பி, கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டு ஓட்டுவார். அவர் பேர் உனக்குத் தெரியாது. நான் கெடுத்தவருடைய பேர் எனக்குத் தெரியும், பன்னிரண்டு வருடமாகத் தெரியும்.

புதுவயல் மில் வாசலில் அன்றைக்கு நின்ற எல்லாருக்கும்: அலாரம் அடிக்கவில்லை. முத்துக்கருப்பன் தூங்கவில்லை. பொத்தானை அழுத்திக் காட்டியது நான்.

அப்பா